ட்ராப் ஆயிடுச்சு

"மெசேஜெல்லாம் ட்ராப் ஆயிடுச்சு, சார்."

2023 டிசம்பரில் ஒரு மீட்டிங் அறையில், ஒன்பது பேர் முன்னால் நான் சொன்ன வாக்கியம் இது. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மெசேஜ்கள் போனது உண்மை. ஏழாயிரத்துச் சொச்சம் போயின. ஆனால் அந்த 'ஆயிடுச்சு' இருக்கிறதே, அதற்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன். பந்து உருண்டது தன்வினை, பந்தை உருட்டினான் பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது பரீட்சையோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. அன்றைக்கு அது கச்சிதமாகக் கைகொடுத்தது. மெசேஜ் தானாக ட்ராப் ஆகவில்லை. நான்தான் ட்ராப் பண்ணினேன். எப்படிப் பண்ணினேன், பண்ணிவிட்டு யார் தலையில் கட்டினேன் என்பதைச் சொல்லித் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்தில். பெயர் வேண்டாம்; தவறு நிறுவனத்துடையது அல்ல. சர்வர்களையும் அவற்றுக்கு இடையே ஓடும் செய்திகளையும் கவனிக்கும் குழுவுக்கு நான் தலைவன். டிக்கெட் எடுத்தால் குறுஞ்செய்தி போகவேண்டும், டிக்கெட்டின் பிடிஎஃப் மெயிலில் போகவேண்டும், ரத்து செய்தால் பணம் திரும்பவேண்டும். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் நடக்க, நடுவில் ஒரு மெசேஜ் ப்ரோக்கர் வைத்திருந்தோம்: ரேபிட்எம்க்யூ. மண்டி மாதிரிதான் அது. கொண்டுவருபவர் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடுவார். எடுப்பவர் தன் வேகத்தில் எடுத்துக்கொள்வார். இறக்குபவருக்கும் எடுப்பவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியவேண்டியதில்லை. சரக்கு நிற்கும் வரிசைக்குப் பெயர் க்யூ. எங்களிடம் அப்படி முப்பது க்யூ இருந்தன.

மண்டியில் இடம் நிறைந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது வியாபாரிகளின் வழக்கம். நான் பேசிவைக்கவில்லை.

*

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எட்டரை மணி இருக்கும். டிக்கெட் விற்பனை நின்றுபோனது. பார்த்தால், ப்ரோக்கரின் நினைவக அலாரம் அடித்திருந்தது. ரேபிட்எம்க்யூவின் அந்தக் காலத்துப் பதிப்புகளில், சர்வரின் நினைவகத்தில் 40 சதவீதத்தை ப்ரோக்கர் தொட்டுவிட்டால், புதிதாக மெசேஜ் அனுப்பும் எல்லா இணைப்புகளையும் அது நிறுத்திவைக்கும். எந்த க்யூவால் நிறைந்தது என்றெல்லாம் பார்க்காது. எங்கள் சர்வரில் 8 ஜிபி; அதாவது 3.2 ஜிபியில் கதவு சாத்தப்படும்.

நிறைத்தது பிடிஎஃப் க்யூ. யாரோ ஒருவர், டிக்கெட்டின் பிடிஎஃப் கோப்பையே மெசேஜுக்குள் திணித்து அனுப்பும்படி எழுதியிருந்தார். இரண்டேகால் எம்பி கோப்பை எழுத்தாக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி, ஒவ்வொரு மெசேஜும் 3 எம்பி ஆகியிருந்தது. மெயில் சர்வர் அன்று மெதுவாக இருந்ததால் அவை தேங்கிவிட்டன. "யாரோ ஒருவர்" என்றேன் பாருங்கள், அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்.

இதற்குச் சரியான மருந்து எனக்குத் தெரியும். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோமே, அதுதான். கோப்பை ஒரு கிடங்கில் போட்டுவிட்டு, அதன் முகவரியை மட்டும் மெசேஜில் அனுப்பவேண்டும். க்ரெகர் ஹோப்பும் பாபி வுல்ஃபும் 2003இல் எழுதிய புத்தகத்தில் இந்த முறைக்கு 'க்ளெய்ம் செக்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகம் என் மேசையிலேயே இருந்தது. கூடவே, ஒரு மெசேஜின் அளவுக்கு உச்சவரம்பு ஒன்றும் போட்டிருக்கலாம். ரேபிட்எம்க்யூ 3.8 முதல் அந்த வரம்பு கேட்காமலேயே 128 எம்பி; 2024இல் வந்த 4.0 பதிப்பில்தான் 16 எம்பி ஆனது. 128 எம்பி வரை உள்ளே விடும் வாசலில் 3 எம்பி பிடிஎஃப் எறும்பு மாதிரி நுழைந்துவிடும். அதை 256 கேபி என்று இறக்கியிருந்தால், அந்த நிரல் முதல் நாள் சோதனையிலேயே பிழை காட்டி நின்றிருக்கும்.

ஆனால் நிரலை மாற்ற இரண்டு நாள் ஆகும். வெளியே விற்பனை நின்றிருக்கிறது. மேலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். எனக்கு வேண்டியிருந்தது மருந்து அல்ல, அலாரம் வாயை மூடுவது.

ரேபிட்எம்க்யூவில் 'பாலிசி' என்று ஒரு வசதி. ஒரு க்யூவை உருவாக்கும்போதே அதன் வரம்புகளை நிரலில் எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. க்யூவை அழித்துத்தான் மறுபடி உருவாக்கவேண்டும். பாலிசி அப்படியில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வரியில் போடலாம், ஒரு வரியில் எடுக்கலாம். எந்தெந்தக் க்யூவுக்கு என்று பெயர்மாதிரி ஒன்றைக் கொடுக்கவேண்டும். என்ன வரம்பு என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

நான் கணக்குப் போட்டேன். 3.2 ஜிபியை 3 எம்பியால் வகுத்தால் ஆயிரத்துச் சொச்சம். சரி, ஒரு க்யூவில் அதிகபட்சம் 1,000 மெசேஜ். மேக்ஸ்-லென்த், ஆயிரம். பெயர்மாதிரி? பிடிஎஃப் க்யூவின் முழுப் பெயர் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அடுத்த திரையில்தான் இருந்தது. போய்ப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் போட்டேன். 'எதுவானாலும்' என்று அர்த்தம். முப்பது க்யூவுக்கும் ஒரே அளவுச் சட்டை.

என்டர் தட்டினேன். நினைவக வரைபடம் கிணற்றுக்குள் வாளி விழுவதுபோலச் சரிந்தது. அலாரம் நின்றது. விற்பனை ஓடியது. "சூப்பர் பா" என்று மேலாளர் குழுவில் எழுதினார். நான் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

வரைபடம் ஏன் அவ்வளவு வேகமாகச் சரிந்தது என்று நான் கேட்கவில்லை. மெயில் சர்வர் திடீரென்று வேகமெடுத்ததாலா? இல்லை. ஆயிரத்துக்கு மேல் இருந்த பிடிஎஃப் மெசேஜ்களை ப்ரோக்கர் அந்தக் கணத்திலேயே எறிந்துவிட்டதால். வரம்பு மீறினால் என்ன செய்யவேண்டும் என்று சொல்ல 'ஓவர்ஃப்ளோ' என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 'ட்ராப்-ஹெட்' என்று எடுத்துக்கொள்ளும். வரிசையின் தலையில் நிற்பவரைத் தூக்கி எறி என்று பொருள். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேக்ஸ்-லென்த் என்ற சொல்லை நகலெடுத்துக்கொண்டு, மூடிவிட்டேன். இரண்டு பத்தி கீழே போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

பிடிஎஃப் வராதவர்கள் செயலியில் போய் மறுபடி இறக்கிக்கொண்டார்கள். ஒரு புகாரும் வரவில்லை. அதனால் அந்தப் பாலிசி 'தற்காலிகம்' என்ற பெயரோடு அங்கேயே இருந்தது. பெயர் அதுவேதான், நான் வைத்ததுதான்.

*

ட்ராப்-ஹெட் தப்பான அமைப்பு என்று நான் சொல்லவரவில்லை. எங்களிடமே அது பொருந்தும் க்யூ ஒன்று இருந்தது: பேருந்து இப்போது எங்கே போகிறது என்று சில நொடிக்கு ஒருமுறை வரும் இருப்பிடத் தகவல். விக்கிரவாண்டி தாண்டிவிட்ட வண்டி கொஞ்ச நேரம் முன்பு திண்டிவனத்தில் இருந்தது என்ற செய்தியால் யாருக்கு என்ன பயன்? பழையதை எறி, புதியதை வை, சரிதான். பணம் திருப்பித் தரும் வரிசையில் அதே விதியை வைத்தால்தான் அநியாயம். ரேஷன் கடை வாசலில் காலை ஐந்து மணிக்கே வந்து முதல் ஆளாக நின்றவரை, பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதற்காகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். தள்ளப்பட்டது அவருக்கே தெரியாது என்பது அதைவிடக் கொடுமை.

இந்த இடத்தில் ஒரு மனிதரை நினைத்துக்கொள்வேன். அக்னர் க்ராரூப் எர்லாங், டென்மார்க்காரர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓர் ஊருக்கு எத்தனை இணைப்புக் கம்பி வேண்டும், எத்தனை அழைப்பு கிடைக்காமல் போகும் என்பதைக் கணக்காகப் போட்டவர். 1909இல் ஒரு கட்டுரை, 1917இல் ஒரு சூத்திரம். வரிசைகளைப் பற்றிய கணிதம் முழுக்க அங்கிருந்துதான் கிளம்பியது. எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் தொலைபேசிச் சாதனங்களுக்காக உருவாக்கிய கணினி மொழிக்கு அவர் பெயரே வாய்த்தது. ரேபிட்எம்க்யூ 2007இல் அந்த எர்லாங் மொழியில்தான் எழுதப்பட்டது. ஆக, நான் சீரழித்த வரிசைக்குள்ளேயே வரிசைக் கணக்கின் தகப்பன் பெயர் இருந்தது.

எர்லாங்கின் 1917 சூத்திரத்திலும் ஆட்கள் விடுபட்டுத்தான் போகிறார்கள். எல்லாக் கம்பியிலும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் அடுத்து வருகிற அழைப்புக்கு இடமில்லை. ஆனால் அங்கே விடுபடுபவர் கடைசியாக வந்தவர். அவருக்கு அது உடனே தெரிந்துவிடும். நம் ஊரிலும் முன்பெல்லாம் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாக ஒரு பெண்குரல் வந்து சொல்லும். ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்சம் கழித்துக் கூப்பிடுவோம். ரேபிட்எம்க்யூவிலும் அதே மரியாதைக்கு வழி இருக்கிறது. ஓவர்ஃப்ளோவில் 'ரிஜெக்ட்-பப்ளிஷ்' என்று எழுதினால், நிறைந்த க்யூ புதிதாக வரும் மெசேஜை வாசலிலேயே மறுத்துவிடும். அனுப்பும் நிரல் கன்ஃபர்ம் கேட்டிருந்தால் 'முடியாது' என்ற பதிலும் கைக்கு வரும். இல்லையென்றால், எறியப்படுபவை போய்ச்சேர ஒரு 'டெட் லெட்டர்' வழியைக் கட்டியிருக்கலாம். தபால் துறையில் உரியவருக்குச் சேராத கடிதங்களைத் தனியே எடுத்துவைக்கிற மாதிரி. இரண்டுமே ஒரே ஒரு வரி. நான் எழுதாத வரிகள்.

*

டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். சென்னையில் இருந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. விமான நிலையத்தையே மூடினார்கள். வேளச்சேரியில் என் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர்; முதல் மாடியில் நாங்கள், மின்சாரம் இல்லாமல். பேருந்து நிறுவனங்கள் மொத்தம் மொத்தமாகப் பயணங்களை ரத்து செய்தன. ஒரு பேருந்துக்கு முப்பத்தாறு இருக்கை என்றால், முந்நூறு பேருந்துக்கு எவ்வளவு? ரத்து செய்யும் நிரல் நொடிக்கு இருபது என்ற வேகத்தில் ஒன்பது நிமிடம் ரீஃபண்ட் மெசேஜ்களை இறக்கிக்கொண்டே இருந்தது. மறுமுனையில் பணம் செலுத்தும் நிறுவனம் நொடிக்கு ஐந்துக்கு மேல் ஏற்காது.

நொடிக்கு இருபது உள்ளே, ஐந்து வெளியே. பதினைந்து தேங்கும். ஆயிரம் நிறைய அறுபத்தேழு நொடி. அதற்குப்பின் ஒவ்வொரு நொடியும் பதினைந்து பேர் தலைப்பக்கத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தார்கள். 10,800 பேரில் 2,700 பேருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பணம் போனது. கடைசி ஆயிரம் பேர் க்யூவிலேயே பத்திரமாக நின்று பிறகு வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் 7,100.

இதில் என்னை இன்னும் குத்துவது ஒரு சின்னக் கணக்கு. ரீஃபண்ட் மெசேஜ் என்பது ஒரு டிக்கெட் எண், ஒரு தொகை, ஒரு கணக்கு அடையாளம். ஒரு கேபிகூட இராது. ஆயிரம் மெசேஜ் சேர்ந்தால் 1 எம்பி. நான் எறிந்த 7,100 மெசேஜும் சேர்ந்து 7 எம்பி. அதாவது மூன்று பிடிஎஃப் டிக்கெட் இடம்கூடப் பிடிக்காது. நினைவகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் போட்ட வரம்பு, நினைவகத்துக்கு ஒரு பாரமும் இல்லாதவர்களை வெளியே தள்ளியது. எண்ணிக்கைக்குப் பதில் பைட்டில் வரம்பு போட்டிருந்தால், மேக்ஸ்-லென்த்-பைட்ஸ் என்று அதற்கும் தனி அமைப்பு இருக்கிறது, ஒரு ஆளும் விழுந்திருக்கமாட்டார். பெரிய மூட்டைக்குப் பயந்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்தவன் நான்.

அன்று மதியம் பவர்பேங்கில் உயிர் பிடித்திருந்த கைப்பேசியில், விட்டுவிட்டு வந்த சிக்னலில், ரீஃபண்ட் க்யூவின் வரைபடத்தைத் திறந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஆயிரத்தில் நேராக நின்றது. ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரு க்யூ அப்படி நேர்கோட்டில் நிற்காது. மழை பெய்கிறது, ஏரி மட்டம் மட்டும் அசையவே இல்லை என்றால் எங்கோ மதகு திறந்திருக்கிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நான் மேலாளருக்கு எழுதினேன்: "க்யூ ஸ்டேபிளா இருக்கு சார்."

*

மூன்றாம் நாள் வாடிக்கையாளர் சேவைக் குழு திணறிக்கொண்டிருந்தது. எதற்கும் கேட்டுப்பாருங்கள் என்று ஓர் அழைப்பின் பதிவை அனுப்பினார்கள். பேசியவர் வயதானவர், குரலில் அவசரம் இல்லை. தொகை ஐந்நூறு ரூபாய்க்கும் கீழே.

"உங்க ரீஃபண்ட் க்யூல இருக்கு சார், சீக்கிரம் வந்துடும்" என்கிறாள் அழைப்பெடுத்த பெண். அவளுக்குக் கொடுத்திருந்த பதில் அதுதான்.

"நேத்தும் அதான்மா சொன்னீங்க. நான் எத்தனாவது ஆளு?"

"சார்?"

"வரிசைன்னு சொல்றீங்களே. எத்தனாவது ஆளா நிக்கிறேன்? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி இருந்துக்குவேன்."

அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. இருந்திருக்க வழியும் இல்லை. அவர் எந்த வரிசையிலும் இல்லை. முதல் ஆளாக நின்றிருந்தார், அதனாலேயே இல்லாமல் போனார்.

அதே மாலை சேவைக் குழுவின் தலைவர் கூப்பிட்டு, ஒன்று விசித்திரமாக இருக்கிறது என்றார். "லேட்டா கேன்சல் ஆனவங்களுக்கெல்லாம் உடனே பணம் போயிருக்கு. மொதல்ல கேன்சல் ஆனவங்களுக்குத்தான் வரல. தலைகீழால்ல இருக்கு?" அந்தத் 'தலை' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இரவு பதினொரு மணிக்கு பாலிசிப் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. 'தற்காலிகம்'. புள்ளி, நட்சத்திரம், ஆயிரம்.

அந்தப் பட்டியலில் யார் போட்டது, எப்போது போட்டது என்று இருக்காது. அதை நான் கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழையைக் கண்டதும் என் மனம் முதலில் போனது அந்த 7,100 பேரிடம் அல்ல. என் பெயர் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா என்றுதான் தேடியது. இல்லை. பாலிசியை அழித்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

பணம் எல்லோருக்கும் போய்விட்டது; அதைச் சொல்லவேண்டும். ரத்து விவரம் தரவுத்தளத்தில் இருந்ததால், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக மறுபடி அனுப்பினோம். பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் நான் ராத்திரி பகலாக வேலை பார்த்தேன். பார்த்தவர்கள் என் பொறுப்புணர்ச்சியை மெச்சினார்கள். குற்றவாளியே தேடுதல் குழுவுக்குத் தலைவனாக இருந்தால் அந்தக் குழு ரொம்பவே சுறுசுறுப்பாக இருக்கும்.

*

பிறகு அந்த மீட்டிங். "மெசேஜெல்லாம் ட்ராப் ஆயிடுச்சு, சார். பேமென்ட் சைடு ஸ்லோ. லோடு அந்த மாதிரி. ப்ரோக்கரோட டிஃபால்ட் பிஹேவியர்."

"நமக்கு ஏன் தெரியல?" என்றார் மேலாளர்.

இதுவரை நான் செய்தது கோழைத்தனம். இதற்குமேல் செய்ததற்கு வேறு பெயர். ரீஃபண்ட் மெசேஜை அனுப்பும் நிரலை எழுதியவள் எங்கள் குழுவில் சேர்ந்து ஒரு வருடமே ஆன பெண். எதிரே உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிரலில் 'பப்ளிஷர் கன்ஃபர்ம்' இல்லை. ப்ரோக்கர் மெசேஜை வாங்கிக்கொண்டதும் 'சரி' என்று திருப்பிச் சொல்வதுதான் கன்ஃபர்ம். இருப்பது நல்ல பழக்கம், இல்லாதது குறைதான். நான் சொன்னேன்:

"கன்ஃபர்ம் வச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும் சார்."

பொய். சுத்தமான, தொழில் தெரிந்தவன் சொன்ன பொய். ட்ராப்-ஹெட்டில் புதிதாக வரும் மெசேஜை ப்ரோக்கர் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும், வாலில் சேர்க்கும், 'சரி' என்று கன்ஃபர்மும் அனுப்பும். விழுவது முன்னால் நிற்கும் வேறொரு மெசேஜ். அதற்கும் தன் முறை வந்தபோது 'சரி' சொல்லியாகிவிட்டது. 7,100 மெசேஜுக்கும் கன்ஃபர்ம் வந்திருக்கும். 7,100 மெசேஜும் போயிருக்கும். அறையில் இருந்தவர்களில் இதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் தலை நிமிரவில்லை. "நான் சேர்த்துடறேன் அண்ணா" என்றாள். எங்கள் குழுவில் சின்னவர்கள் எல்லோரும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள்; அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

இரண்டு வாரம் உட்கார்ந்து சேர்த்தாள். சேர்த்ததோடு விடவில்லை. தன் மடிக்கணினியில் ஒரு ப்ரோக்கரை நிறுவி, பத்து என்று வரம்பு வைத்து, நூறு மெசேஜ் அனுப்பிப் பார்த்திருக்கிறாள். என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, ஒரு டவுட்டு. நூறுக்கும் கன்ஃபர்ம் வருது. க்யூல பத்துதான் இருக்கு. அப்ப கன்ஃபர்ம் இருந்திருந்தாலும் நமக்குத் தெரிஞ்சிருக்காதே?"

அது கேள்வி அல்ல, எனக்குத் திறந்துவிட்ட கதவு. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அது வேற கேஸ்மா. ப்ரொடக்‌ஷன்ல செட்டப் வேற."

"சரிண்ணா" என்று போய்விட்டாள். நம்பிக்கொண்டுதான் போனாள். அது எனக்குத் தெரிந்தது.

*

உண்மையை அவளிடம் சொன்னது அடுத்த ஜூன் மாதத்தில். மனசாட்சி உறுத்தித் தூக்கம் போய்விட்டது என்றெல்லாம் இல்லை, நன்றாகத்தான் தூங்கினேன். புது ப்ரோக்கருக்கு மாறும் வேலை வந்தது. ஒவ்வொரு க்யூவுக்கும் வரம்பு என்ன, மீறினால் என்ன, ஏன் என்று எழுதித்தரச் சொன்னார்கள். பிடிஎஃப் க்யூவுக்கு டோக்கன் முறை. இருப்பிட க்யூவுக்கு ட்ராப்-ஹெட். ரீஃபண்ட் க்யூவுக்கு வந்ததும், பழைய அமைப்பு என்ன என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கை நின்றது. 'வரம்பு இருந்தது' என்று எழுதினேன். அழித்தேன். 'வரம்பு வைக்கப்பட்டிருந்தது' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். தமிழில் யோசித்தாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், ஆளை மறைக்க எத்தனை வாகான வினைச்சொற்கள்!

அவளைக் கீழே டீக்கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். செப்டம்பர் இரவிலிருந்து "வேற கேஸ்மா" வரைக்கும். அவள் நடுவில் ஒன்றும் பேசவில்லை. டீ ஆறி, மேலே ஆடை படிந்தது.

"என் அப்ரைசல்ல அது இருக்கு" என்றாள் கடைசியில். "நம்பகத்தன்மையில கவனம் தேவைன்னு. மேனேஜர் அந்த ரீஃபண்ட் விஷயத்தத்தான் எக்ஸாம்பிளா எழுதியிருக்கார்."

எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

அன்றே மேலாளரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப எதுக்குப்பா இத கெளப்புற?" என்றார். அறிக்கையைத் திருத்த ஒப்புக்கொண்டார், திருத்தினோம். அப்ரைசல் சுற்று மார்ச்சோடு மூடிவிட்டது, மாற்ற வழியில்லை என்றார்கள். அவளுடைய சம்பள உயர்வு அந்த வருடம் மற்றவர்களைவிடக் குறைவு. 7,100 பேரின் பணத்தைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுக்க முடிந்த எனக்கு, ஒரே ஒருத்தியிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதற்குத் தரவுத்தளத்தில் நகல் இல்லை.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்றுதான் மாறியது. மறுநாள் காலையிலிருந்து 'அண்ணா' நின்றுவிட்டது. 'சார்' ஆகிவிட்டேன்.

போன மாதம் ஒரு புதுக் க்யூ வந்தது. அவள்தான் அமைக்கிறாள். என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், இதுக்கு லிமிட் போடணும். நெறஞ்சா யாரத் திருப்பி அனுப்பணும்?"

"புதுசா வர்றத" என்றேன். "உள்ள வாங்கினத எறியக்கூடாது. ரிஜெக்ட்-பப்ளிஷ் வை."

அவள் தலையசைத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"மெயில்ல போட்டுடுங்க, சார்."

போட்டேன்.